லீவு போட வேண்டாம், வண்டி என் பொறுப்பு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் சௌக்கியம், உங்கள் அத்தை முழங்கால் தவிர சௌக்கியம், என் மகள் பரம சௌக்கியம், அவள் வயிற்றில் இருப்பவர் எங்கள் எல்லோரையும்விட சௌக்கியம் என்று நேற்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதாம். நீங்கள் அந்த மலைமேல் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, அணை வேலையை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.

நிற்க. போன சனிக்கிழமை போனில் நீங்கள், "மாமா, லீவு கேட்டு இந்த வாரமே வந்துடட்டுமா? குளிர்ல வண்டி மக்கர் பண்ணும், ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர்" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வர வேண்டாம். லீவை வீணாக்காதீர்கள், குழந்தை பிறந்த பிறகு நிதானமாக வந்து பாருங்கள். நீங்கள் கீழே இறங்கி வந்து பேசினால்தான் உண்டு, உங்கள் இடத்துக்குப் போன் எட்டாது என்பதால் இதை இன்று சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வரும் ஜீப்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். வண்டியைப் பற்றி நீங்கள் ஒரு துளியும் கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் வண்டி இப்போது என் கண்காணிப்பில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருஷம் பம்ப் ஹவுசில் ஆறு மோட்டாரைக் கட்டி மேய்த்தவனுக்கு இந்த ஒரு மோட்டார் எம்மாத்திரம்?

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்துகிடந்தது. சாவியைத் திருகினேன், முனகியது. இன்னொரு தடவை திருகினேன், இழுத்து இழுத்து முனகியது. மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது. வேறு யாராவது என்றால் கிளம்பியதே போதும் என்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். நான் அந்த முதல் இரண்டு தடவையை விடவில்லை. பம்ப் ஹவுசில் எங்களுக்கு ஒரே சட்டம்தான், அளக்காமல் மெஷின்மேல் கை வைக்கக் கூடாது. மணிக்கு ஒரு தடவை எல்லா முள்ளையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். என் நோட்டைப் பார்த்துத்தான் பெரிய இன்ஜினியரே மூச்சு விடுவார். அதனால் உடனே இன்ஜினை அணைத்தேன், உங்கள் மேஜையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தேன், கட்டம் போட்டேன், காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை மணிக்கு ஒரு ரீடிங், ஒரு நாளைக்குப் பதினைந்து, ஆரம்பித்துவிட்டேன்.

ரீடிங் என்றால் ஏனோதானோ என்று இல்லை, மாப்பிள்ளை. உள்ளே உட்கார்ந்து, சாவியைப் பாதி திருகி, பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன், சூட்டு முள்ளைப் பார்ப்பேன், பிறகு ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவரில் எத்தனை வரிசை செங்கல்மேல் வெளிச்சம் தெரிகிறது என்று இறங்கிப் போய் எண்ணுவேன், திரும்பி வந்து ஹீட்டரை முழுசாக வைத்து முகத்துக்கு நேரே சூடு வருகிறதா என்று பார்ப்பேன், கடைசியாக ஹாரனை ஒரு தரம் நீளமாக அடித்து, கனம், நடுத்தரம், மெலிசு என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பேன். எல்லாம் சேர்ந்து சரியாக ஐந்து நிமிஷம். ஹாரன் அடிக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து என் மகள், "அப்பா, உள்ள இருக்கிறது தூக்கிவாரிப்போட்டு உதைக்குதுப்பா!" என்று கத்துவாள். அதற்கும் ஒரு கட்டம் போட்டுக் குறித்துவருகிறேன். பதினைந்துக்குப் பதினைந்து உதை. உங்கள் பிள்ளைக்குக் காது பிரமாதம்.

இப்போது நான் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருபத்து நான்கு வரிசை செங்கல். திங்கட்கிழமை மதியம் பதினேழு. செவ்வாய் காலை ஒன்பது. செவ்வாய் சாயங்காலம் இரண்டு, அதுவும் கண்ணை இடுக்கிக்கொண்டு. ஹாரனும் கனத்திலிருந்து நடுத்தரத்துக்கு வந்து மெலிசாகிவிட்டது. குளிர் நாளாக நாளாக உள்ளே இறங்கி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஒருசேரச் சுருக்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து என்னை ஒருமையில் பேசினார், செவ்வாய்க்கிழமை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழகிக்கொண்டார் பாவம். ஹீட்டரில் மட்டும் ஒரு தடவைகூடச் சூடு வரவில்லை. அதையும் ஒவ்வொரு தடவையும் எழுதியிருக்கிறேன்.

நோய் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? இன்ஜினுக்குச் சூடு வேண்டும் என்று முடிவு கட்டினேன். உங்கள் அத்தை முழங்காலுக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை எடுத்துப் பானெட்டுக்குள் வைத்தேன். அது ஆறிவிடாமல் இருக்க அலமாரியில் கைக்கு அகப்பட்ட ஒரு கம்பளியைச் சுற்றினேன். அது அவள் மூன்று மாதமாகக் குழந்தைக்குப் பின்னிக்கொண்டிருந்த கம்பளி என்பது ஒரு பக்கம் முழுக்க ஆயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. "ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? இதைப் போய் இன்ஜினுக்குப் போத்துவீங்களா?" என்று அவள் கேட்ட கேள்வி தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், அது கனம். அப்புறம் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிக்கொண்டுவந்து, அவள் தலை காயவைக்கும் மெஷினில் காட்டி, சுடச்சுடத் திரும்ப மாட்டினேன். சாவியைத் திருகினால் டிக் டிக் என்று மட்டும் சொன்னது. செல்ஃபே எடுக்கவில்லை.

நேற்று, புதன்கிழமை, என் மகள் என்னைக் கேட்காமல் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள். எப்போதும் தலையில் கம்பளிக் குல்லா, அதனால் இந்தத் தெருவில் அவருக்குப் பெயரே குல்லாதான். வந்தார், ஒரு தடவை சாவியைத் திருகினார், இறங்கிவிட்டார். "பேட்டரி இறங்கிப்போச்சு சார்" என்றார். தன் வண்டியிலிருந்து இரண்டு வயரை எடுத்து மாட்டினார், நம் வண்டி சட்டென்று கிளம்பியது. அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நான் பிளக்கைக் காயவைத்திருக்காவிட்டால் கிளம்பியிருக்காது.

"சார், உள்ள லைட்டு கிட்டு ஏதாவது மறந்து எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"மறக்கிறதா? இந்த வண்டியை ஒரு மணி நேரம்கூட நான் பாக்காம விட்டதில்லைய்யா" என்று நோட்டை நீட்டினேன்.

முதல் பக்கத்தைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே, "எழுத்து ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனை மதிப்பது என்றால் இதுதான். போகும்போது, "ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க, அப்புறம் தயவுசெஞ்சு தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடவிட்டேன்தான். பத்து நிமிஷம் ஆனதும் பதினொரு மணி ரீடிங் வந்துவிட்டது, இன்ஜின் ஓடும் சத்தத்தில் ஹாரனை எப்படித் தரம் பிரிப்பது? அணைத்துவிட்டு எழுதினேன்.

சாயங்காலம் மறுபடி டிக் டிக். இதிலிருந்து என்ன தெரிகிறது? கோளாறு பேட்டரியில் இல்லை என்று தெரிகிறது, குல்லா பாவம் அவசரப்பட்டுவிட்டார். கோளாறு நிற்கும் இடத்தில் இருக்கிறது. சுவர் ஓரம் மதியம் வரை வெயில் விழுவதில்லை. ஆகவே நானும் உங்கள் அத்தையும் எதிர்வீட்டுக்காரருமாக (அவர் கேட்காமலேயே வந்து தள்ளினார், தன் ஜன்னலிலிருந்து தூரமாகப் போனால் சரி என்றார்) வண்டியை வாசல் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டோம். இன்று பத்து மணி வெயில் பட்டால் முதல் திருகிலேயே கிளம்பும். என் சர்வீசில் நான் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பியதில்லை. அந்த நாள் வரும்போது என் மகளைப் பின்சீட்டில் பூப்போல உட்காரவைத்து எட்டே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவேன். நீங்கள் மேலே நிம்மதியாக இருங்கள்.

என் மகளுக்கும் வரப்போகிற பேரப்பிள்ளைக்கும் உங்களுக்கும் எல்லா நலமும் நீள ஆயுசும் கூடிவர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அத்தை ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்பும் ஆசீர்வாதமும் நிறைந்த
மாமா

பின்குறிப்பு: ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும். இதை உறையில் போடுமுன் என் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து வாங்கிப் படித்தாள். அப்புறம் நோட்டைக் கேட்டாள். "அப்பா, நீங்க செங்கல் எண்ணும்போதெல்லாம் இன்ஜின் ஓடிச்சா?" என்றாள். "ஓடினா எப்படிம்மா ஹாரன் காதுல விழும்?" என்றேன். "தினம் பதினஞ்சு தடவை, அஞ்சஞ்சு நிமிஷம். ஒண்ணேகால் மணி நேரம் ஹெட்லைட்டும் ஹீட்டரும் போட்டுப் பேட்டரியைக் கொன்னிருக்கீங்கப்பா. குளிரும் இல்ல, சுவரும் இல்ல, நீங்கதான்பா!" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், பாதிச் சிரிப்பில் முகம் மாறி, "அப்பா, வலிக்குது" என்றாள்.

ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். டிக் என்றுகூடச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அத்தைதான் அந்த முழங்காலோடு தெருவில் இறங்கிக் கையை விரித்து ரொட்டி வேனை மறித்தாள். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தோம். இன்று மதியம் ஒன்று இருபதுக்கு உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் குழந்தையும் சுகம். இது மட்டும் நான் அளந்து எழுதியது இல்லை, டாக்டரம்மா சொன்னது, அதனால் தாராளமாக நம்பலாம்.

கொஞ்ச நேரம் முன்னால் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். அது கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் மூஞ்சியை. உங்கள் முகமாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் வரட்டுமா என்று கேட்டபோதே வாங்க என்று சொல்லியிருந்தால் இருந்திருக்கும். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்பட்டு நோட்டு போட்டேன். மேலே எழுதியது அத்தனையும் தப்பு. ஜீப்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து வாசலில் காத்திருக்கிறார், இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ராத்திரியே திரும்புகிறாராம். அதே ஜீப்பில் ஏறி வந்துவிடுங்கள், மாப்பிள்ளை.