எண்ணெய்க்காப்பு கண்ட வேன்

மனிதகுலம் மூன்றே மூன்று பாய்ச்சல்களில் இன்றைய உயரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்துச் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. கடைசியாக, சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததும் கண்ணெதிரே தெரிகிற டேஷ்போட்டில் எதைப் பூசினால் பளபளக்கும் என்பதைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டிலும் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் கல்லருவித் தேயிலைத் தோட்டத்துக்குப் பங்கு கிடையாது. அப்போது தோட்டமே கிடையாது. மூன்றாவதில் அதன் பங்கு மகத்தானது. அதைத் தனியாளாகத் தோளில் சுமந்தவர் தோட்ட நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் ஜெயகுமார்.

சங்கத்துக்கு ஒரு வேன் கிடைத்திருந்தது. தோட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டும் என்று பண்டாரவளையில் உள்ள ஒரு தரும சங்கம் கொடுத்த வேன். அதுவரை கல்லருவியின் நோயாளிகள் கொழுந்து லொறியில் மூட்டைகளின் மேல் படுத்துத்தான் போவார்கள். வேனைக் கேட்டு நடையாய் நடந்தவர் ஜெயகுமார்தான். வேன் வந்து நின்ற அன்றைக்கு அவர் அழுதுவிட்டார். அது நடிப்பில்லை, உண்மையான அழுகை.

கெட்ட காலம், கொடுத்தவர்கள் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முடிந்ததும் வந்து பார்ப்பார்களாம். வாங்கிய வேனை எந்தத் தோட்டம் சிறப்பாகப் 'பராமரிக்கிறதோ' அதற்கு ஒரு கேடயம் உண்டாம். கேடயத்தோடு போட்டோவும் உண்டாம். அன்றிலிருந்து ஜெயகுமாருக்குச் சோறு இறங்கவில்லை.

வேனின் வெளிப்பக்கம் பரவாயில்லை. உள்ளேதான் குறை. வெயில் தின்ற டேஷ்போட் சாம்பல் பூசணிக்காய் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஜெயகுமார் கைபேசியில் வெளிநாட்டுக்காரர்கள் கார் துடைக்கும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மனிதன் நுரைத்துண்டால் கதவின் கைப்பிடியை மட்டும் அரை மணி நேரம் தடவுவதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார். இத்தனை நாள் நாம் வாழ்ந்தது வாழ்க்கையே இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உடனே 'வாகன உட்புறப் பொலிவு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர் நல்லையா, செயலாளர் ஜெயகுமார். சாரதி ரஜீவைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வண்டி ஓட்டுகிறவருக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தக் கேள்வி தள்ளுபடி செய்யப்பட்டது.

பதுளை பஸாரில் வாகனச் சாமான் கடை வைத்திருக்கும் நிஸாம், உபகுழுவைக் கதிரை போட்டு உட்கார வைத்தார். மேசையில் போத்தல்களை வரிசையாக அடுக்கினார்.

"மினுங்குறது வேணுமா, மினுங்காதது வேணுமா?"

"மினுங்காதத எதுக்குங்க பூசணும்?" என்றார் ஜெயகுமார்.

"பூசினது தெரியாம இருக்கணும்ண்டு நெனக்கிறவங்க பூசுவாங்க தம்பி. பிளாஸ்டிக் வெடிக்காது, கண்ணுலயும் அடிக்காது."

காசைக் கொடுத்துச் செய்த வேலை யாருக்கும் தெரியக்கூடாதா? ஜெயகுமார் திகைத்துப் போனார். கல்லருவி நலன்புரிச் சங்கம் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டால், குழாயைவிடப் பெரிதாகக் கல்வெட்டு வைக்கிற சங்கம். நிஸாம் தொடர்ந்து ஏதேதோ சொன்னார். துணியில் சொட்டுச் சொட்டாக எடுத்துத் துடைக்க வேண்டுமாம். சீட்டில் போட்டால் வழுக்குமாம். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் போடவே கூடாதாம். கடைசியில், நோயாளி ஏற்றும் வேனுக்கு ஈரத்துணியே போதும் என்றும் சொல்லிவிட்டார். உபகுழுவின் முகம் சுருங்கியதைக் கண்டதும் அவர் சட்டென்று வியாபாரியானார். கடையிலேயே பெரிய கலன் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். மினுங்குவதில் ஒன்று, மினுங்காததில் ஒன்று, ஆராய்ச்சிக்காக இரண்டையும் வாங்கிக்கொண்டு உபகுழு மலையேறியது.

ஆராய்ச்சி முறைப்படி நடந்தது. டேஷ்போட்டின் இடது பாதியில் மினுங்குவது, வலது பாதியில் மினுங்காதது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்து, கண்ணை மூடித் திறந்து, அபிப்பிராயம் சொல்ல வேண்டும். 'பளபளப்பு அணி', 'அடக்க அணி' என்று சங்கம் இரண்டாகப் பிளந்தது. அடக்க அணிக்காரர் ஒருவர், மினுக்கம் கூடினால் ரோட்டுக்காரப் பெண்ணைப் போல் இருக்கும் என்று ஆரம்பித்து, எதிரே தன் மனைவி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பாதியில் உட்கார்ந்தார்.

ஆராய்ச்சி உச்சத்தில் இருந்தபோதுதான் அந்த இடைஞ்சல் வந்தது. ஜெயகுமாரின் மனைவி விஜயலெட்சுமி, மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். ரஜீவ் ஓடிவந்து வேன் சாவியைக் கேட்டார். ஜெயகுமார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மனைவி மேல் அவருக்குப் பிரியம்தான். ஆனால் பாதி மினுங்கி, பாதி மினுங்காத வேனைப் பஸாருக்குள் எப்படி விடுவது?

"இந்தக் கோலத்துல டவுனுக்குப் போனா தோட்டத்து மானம் போயிரும் ரஜீவ். ஒரு அவசரம்னா பரவால்ல" என்றார்.

"கால் ஒடஞ்சிருக்குங்க."

"கால்தானே."

விஜயலெட்சுமி கொழுந்து லொறியில் போனாள். லொறி வழக்கம்போல முதலில் தொழிற்சாலைக்குப் போனது. மூட்டைகளை இறக்கி நிறுத்தவர்கள் அவளையும் சேர்த்து நிறுக்கப் பார்த்தார்கள். கட்டுப்போட்ட காலோடு திரும்பி வந்தவள் வேனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஜெயகுமார் முழு ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

தலைவர் நல்லையா கடைசியாகப் போய் உட்கார்ந்தார். இடது பாதியில் அவருடைய மீசை தெரிந்தது. வலது பாதியில் தெரியவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்தது, எப்படிப் பூசுவது? வீடியோவில் வெள்ளைக்காரன் துணியில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டான். நல்லையாவுக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடிக்கவில்லை. அவர் தோட்டத்துப் பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா. வருசா வருசம் எண்ணெய்க்காப்பு நடத்துகிற கை அது. "சாமிக்குச் சொட்டுச் சொட்டாவா வைக்கிறோம்? தலையில ஊத்துனா பாதத்துல வடியணும். அப்பதான் கல்லு குடிக்கும்" என்றார். இதை மறுக்க யாராலும் முடியவில்லை. கலன் திறக்கப்பட்டது. டேஷ்போட்டின் உச்சியில் ஊற்றியது வடிந்து ஸ்டியரிங்கைத் தொட்டு, பெடலுக்கு இறங்கி, கால்மிதி விரிப்பில் தேங்கியது. விட்டுப்போனது என்ற பேச்சு வரக்கூடாது என்று சீட்டுகளுக்கும் காப்பு நடந்தது. குடிக்கும்வரை யாரும் பார்க்கக் கூடாதென்று கோயிலிலிருந்து நீலத்திரை கொண்டுவந்து வேனுக்குள் கட்டினார்கள்.

திரை விலகியபோது கூடி நின்ற சனம் எட்டிப் பார்த்தது. உள்ளே அப்படி ஒரு ஜொலிப்பு. முன்வரிசையில் நின்ற சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அன்றிலிருந்து செருப்போடு வேனில் ஏறுவதில்லை என்பது, யாரும் போடாமலே சட்டமாகிவிட்டது.

அதன்பிறகு காப்பு ஓயவில்லை. பளபளப்பில் தூசி ஒட்டியது. தூசியைத் துடைத்தால் பளபளப்புப் போனது. போன பளபளப்பை மறுபடி பூச வேண்டியிருந்தது. பூசினால் திரை கட்ட வேண்டும். தோட்டத்துப் பெரியாயிக்கு மூச்சிழுப்பு வந்த நாளில் தெய்வாதீனமாகத் திரை இல்லை. ஆனால் பெரியாயியின் காலில் சேறு இருந்தது. பீலித் தண்ணீரில் போய்க் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். மூச்சு வாங்க வாங்க அவள் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது பதுளை பஸ் வந்துவிட்டது. அதில் ஏறிப் போய்விட்டாள். வேன் தப்பியது.

ரஜீவ் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வெயில் அடித்தால் முன்கண்ணாடி முழுக்க டேஷ்போட்தான் தெரிகிறது, ரோட்டைக் காணவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. உபகுழு அதைக் கவனமாக ஆராய்ந்தது. ரோட்டை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், இப்படி ஒரு டேஷ்போட்டை யாரும் பார்த்ததில்லை என்று பதில் தரப்பட்டது.

பார்வையிடும் நாள் வந்தது. தரும சங்கத்தின் சார்பில் றுஷ்தா என்ற இளம் பெண் வந்தாள். ஜெயகுமார் முதல்முறையாகக் கயிறு கட்டும் சப்பாத்து போட்டிருந்தார். அவிழ்ந்து மானத்தை வாங்கக் கூடாதென்று இரட்டை முடிச்சு. வேன் மைதானத்து ஓரம், பெரிய சப்பு மரத்தடி நிழலில் நின்றது. றுஷ்தா இறங்கியதும் நல்லையா தன் கையாலேயே பட்டாசுக் கட்டைக் கொளுத்தினார். சப்பு மரத்தின் உச்சிக் கிளையில் குளவிக்கூடு தொங்குவது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். உபகுழு கீழேயே பார்த்துப் பழகியிருந்தது.

குளவிகள் வரவேற்புக் குழுவை விடச் சுறுசுறுப்பாக இறங்கின. மேலே மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சீலையை அவிழ்த்துத் தலையோடு மூடிக்கொண்டு, தேயிலைக்கு இடையிலிருந்த தண்ணீர்க் கானுக்குள் குப்புறப் படுத்துவிட்டார்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்குப் போக்கிடம் வேன் ஒன்றுதான். எல்லாரும் அதை நோக்கி ஓடினார்கள். ஓடியவர்கள் கதவருகே போனதும் நின்றார்கள்.

நின்று, செருப்பைக் கழற்றினார்கள்.

யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. கழற்றியவர் உள்ளே போக, அடுத்தவர் குனிந்தார். குனிந்த முதுகுகள் குளவிகளுக்கு வாகாக இருந்தன. றுஷ்தாவும் ஒன்றும் புரியாமல் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். கடைசியில் மிஞ்சியவர் ஜெயகுமார். அவர் ஒற்றைக்காலில் நின்றபடி இரட்டை முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். நெற்றியில் கொட்டியது, காதில் கொட்டியது, மேலுதட்டில் கொட்டியது. "அப்படியே ஏறுங்கண்ணே" என்று உள்ளிருந்து கத்தினார் ரஜீவ்.

"சப்பாத்தோடயா?" என்றார் ஜெயகுமார். தெளிவாக அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குள் கீழுதட்டிலும் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ரஜீவ் அவரைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

வேன் புறப்பட்டது. அந்தப் பயணத்தை எழுதித் தீராது. முதல் வளைவில் எல்லாரும் இடப்பக்கம் வழுக்கிப் போய் றுஷ்தாவின் மேல் சேர்ந்தார்கள். அடுத்த வளைவில் மொத்தமாக வலப்பக்கம் போய் நல்லையாவின் மேல் சேர்ந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மூன்றாவது வளைவு வந்துவிட்டது. ரஜீவின் கால் பெடலில் நிற்கவில்லை, கை ஸ்டியரிங்கில் நிற்கவில்லை. கண்ணாடியில் ரோட்டுக்குப் பதில் டேஷ்போட்டும், டேஷ்போட்டில் நல்லையாவின் மீசையும் தெரிந்தன. ரஜீவ் தன் சாரத்தை அவிழ்த்து டேஷ்போட்டை மூடிவிட்டு, அரைக்காற்சட்டையோடு ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பின்னால் வந்த லொறி ஒன்று ஹோன் அடித்துத் தாண்டிப் போனது. அது கல்லருவியின் கொழுந்து லொறி. மூட்டைகளின் மேல் விஜயலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். புருசனைக் குளவி கொட்டிய செய்தி கேட்டு, ஆறாத காலோடு ஏறி வந்தவள்.

அவள் ஆஸ்பத்திரியில் முன்னாலேயே போய் இறங்கி, துண்டும் தண்ணீரும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வேன் வந்து சேர்ந்தது. ஊசி போட்டு, மருந்து போட்டு எல்லாருடைய உயிரும் தப்பியது. ஜெயகுமாரை மட்டும் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகம் பணியாரச் சட்டியில் மொத்தமாக வார்த்தது போல் உப்பியிருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. உதடு இரண்டும் அசையவில்லை. அந்த நிலையிலும் அவருடைய மனம் கேடயத்தின் மேல்தான் இருந்தது. டேஷ்போட்டின் மேல் சாரம் கிடந்ததை றுஷ்தா எப்படி எடுத்துக்கொண்டிருப்பாளோ என்ற கவலை அவரை அரித்தது.

றுஷ்தா புருவம் வீங்கிய முகத்தோடு கட்டிலருகே வந்தாள். நல்ல பெண். கொட்டு வாங்கியும் சிரித்த முகமாக இருந்தாள். வேனின் உட்புறத்தைப் போல எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை, புத்தம் புதுசு மாதிரி இருக்கிறது என்று மனதாரச் சொன்னாள். ஜெயகுமாரின் திறந்திருந்த கண்ணில் தண்ணீர் வந்தது. கேடயம் கைக்கு எட்டிவிட்டது.

"இது வரைக்கும் எத்தன நோயாளிங்கள ஏத்திட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள் றுஷ்தா.

நல்லையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரஜீவ் இல்லாத சாரத்தை இறுக்கிக் கட்டப் பார்த்தார். எந்தக் கூட்டத்திலும் எந்தக் கேள்விக்கும் எழுந்து விளக்கம் கொடுத்தே பழகிய செயலாளர், வாயைத் திறக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கடைசியில் விஜயலெட்சுமியிடம் வந்து நின்றது.

அவள் புருசனின் நெற்றியில் ஈரத்துண்டை மாற்றிப் போட்டுவிட்டு, கட்டுப்போட்ட காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.

"வேன் நல்ல சொகமா இருக்குங்கம்மா" என்றாள். "சீக்கெல்லாம் எங்களுக்குத்தான்."