ஊரெல்லாம் கறுப்புச் சாயம்

லாண்டரிக்காரரின் உள்ளங்கையில் இருந்த பித்தளை வில்லையில் ஒரு சுறாமீன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவரும் அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அந்தச் சுறா யாருடைய சுறா என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எதிரிக் கடற்படையின் சின்னம் என்று தபாலாபீஸ் சுவரில் பெரிதாகப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். 'இவர்களுக்கு உதவுபவர்களுக்குத் தூக்கு' என்று கீழே அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தது. அந்தச் சுறாதான் இப்போது, துவைக்க வந்த சட்டைப் பையிலிருந்து சாவகாசமாக வந்து விழுந்திருக்கிறது.

"அத்தே! இந்த மூட்டைய யாரு குடுத்தது?"

துணி வாங்கிக் குறி போடும் வேலை அவருடைய மாமியாருக்கு. அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காலரின் உள்பக்கம் பார்த்தார்.

"மூணு புள்ளி, ஒரு கொக்கி. அந்த வெளுத்த மூஞ்சிப் பையன். வெயில்னா என்னன்னே தெரியாதவன் மாதிரி இருப்பான், மேலெல்லாம் டீசல் வாடை. ஆனா மரியாதை தெரிஞ்ச புள்ள மாப்பிள்ளை. நம்ம சின்னவளுக்குக் கேக்கலாமான்னுகூட நினைச்சேன்."

"கேப்பீங்க, கேப்பீங்க! கடலுக்கடியில போய் நிச்சயம் பண்ணுவீங்களா? அவன் எதிரி, அத்தே! நீர்மூழ்கிக் கப்பல்காரன்!"

அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிரி மாலுமிகள் ரகசியமாகக் கரையேறி ரொட்டி வாங்குகிறார்கள், சினிமா பார்க்கிறார்கள் என்று ஊரே இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தது. படத்தில் அம்மா சாகிற கட்டத்தில் அவர்களும் தேம்பி அழுதார்களாம். பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் பார்த்தவர் மாதிரியே சொல்வார். லாண்டரிக்காரர் கேட்டுச் சிரித்திருக்கிறார். இப்போது சிரிப்பு வரவில்லை. கழுத்தைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போலீசுக்குப் போயிடுங்களேன்," என்றாள் அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே.

"போய்? ரெண்டு மாசமா எதிரிக்குக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாம குடுத்தேன்னு சொல்லவா? கயிறை அவங்க தேட வேண்டாம், நானே கொடிக்கயித்த அவுத்துக் குடுத்துடறேன்!"

வில்லையைச் சாக்கடையில் போட்டார். ஆனால் மூட்டையில் இருந்த முப்பத்தெட்டு வெள்ளைச் சட்டைகள்? எல்லாம் ஒரே தையல். பார்த்தவுடனே கடற்படை என்று தெரியும். கொல்லையில் ஒரு தொட்டி நிறையக் கறுப்புச் சாயம் இருந்தது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊர் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டபோது காய்ச்சியது. முப்பத்தெட்டையும் அதில் அமுக்கினார்.

கடைசிச் சட்டை முங்கிக்கொண்டிருக்கும்போது முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, நல்ல வெள்ளைச் சட்டையப் போய்..."

லாண்டரிக்காரருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. உலர்ந்த நாக்கிலிருந்து வந்ததுதான் அந்தப் பொய்.

"உத்தரவு! கடலோரத்துல வெள்ளைத் துணியே இருக்கக் கூடாதாம். கொடியில வெள்ளை தெரிஞ்சா எதிரிக்கு அடையாளமாம். ரகசியம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

முடிதிருத்துபவரிடம் ரகசியம் என்று சொல்லலாமா! அரை மணி நேரத்தில் தெருவே திரண்டு வந்தது. ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் ஒரு வண்டி படுக்கைவிரிப்போடு வந்தார். ஓட்டல்காரர் மேசைவிரிப்புகளைத் தலையில் சுமந்து வந்தார். டீச்சரம்மா தன் வெள்ளைக் கல்யாணப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து, "பார்த்து முக்குங்க, ஒரே ஒரு தடவைதான் கட்டினேன்," என்று மூக்கை உறிஞ்சினார்.

"வேண்டாம்னு சொல்லுங்க," என்று மனைவி காதைக் கடித்தாள்.

"சொன்னா அந்தச் சட்டைங்கள மட்டும் ஏன் முக்கினேன்னு கேப்பாங்கடி!"

முக்கினார். முழங்கை வரை கறுப்பாகி நின்றபோது இன்ஸ்பெக்டரே உள்ளே வந்தார். லாண்டரிக்காரர் கறுத்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"யோவ், அந்த உத்தரவு உனக்கு எப்படி வந்துச்சு? எனக்கே வரலையே?"

"மே... மேலிடத்துலருந்துங்க. ரொம்ப மேல."

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. லாண்டரிக்குத் தெரிந்தது போலீசுக்குத் தெரியவில்லை என்றால் யாருக்கு அவமானம்? தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வந்துச்சு, வந்துச்சு. மேசையில கிடந்துச்சு, இப்பத்தான் ஞாபகம் வருது," என்று சொல்லிவிட்டுப் போனவர், ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார். மூன்று மணிக்குள் கைக்குட்டை, தலையணை உறை, பாதிரியார் அங்கி எல்லாம் தொட்டிக்கு வந்துவிட்டன. ஊரே இழவு விழுந்த வீடு மாதிரி கறுப்பாகத் தொங்கியது.

நாலு மணிக்கு டீசல் வாடை வந்தது.

மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் மேசை முன்னால் நின்றான். வெந்த முட்டை மாதிரி வெளுத்த முகம். மாமியார் 'அவன்தான்' என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார்.

"மூணு புள்ளி, ஒரு கொக்கி," என்றான் அவன்.

லாண்டரிக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தூக்கா, துப்பாக்கியா? எப்படியும் போகிற உயிர், நாட்டுக்காகப் போகட்டும் என்று ஒரு வீராப்பு வந்தது. இஸ்திரிப் பெட்டியை மனைவி கையிலிருந்து பிடுங்கி உயர்த்திக்கொண்டு, கறுத்த மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"இந்தா, எடுத்துக்கோ! நீ யாருன்னு எங்களுக்குத் தெரியும்!"

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மூட்டையைப் பிரித்தான். ஒரு சட்டை, இரண்டு சட்டை, பத்துச் சட்டை என்று உதறிப் பார்த்தான். அடியில் கிடந்த கடைசிச் சட்டை வரைக்கும் போனான்.

"ஒண்ணுகூடவா... வெள்ளையா இல்ல?"

"ஒரு நூல்கூட இல்ல! இந்த ஊர்லயே இல்ல! எங்க வேணா போய்த் தேடிக்கோ!"

அவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். மேசைக்கு அடியிலிருந்து மாமியாரின் கை மட்டும் வெளியே வந்து ஒரு கைக்குட்டையை நீட்டியது. கறுப்புக் கைக்குட்டை. அதைப் பார்த்ததும் அவன் அழுகை இன்னும் பெரிதாகிவிட்டது.

"தேடிட்டுத்தாங்கய்யா வர்றேன்," என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நாளைக்குக் காலையில நாங்க முப்பத்தெட்டு பேரும் உங்ககிட்ட சரணடையறதா இருந்தோம், இப்ப வெள்ளைக் கொடிக்கு நான் எங்க போவேன்?"