மாடு போடும், கவர்மெண்டு பார்த்ததா?

ஊருக்குள் எந்தப் புதுப்பொருள் வந்தாலும், அது வந்து இறங்கும் முன்பே அதற்கொரு பூட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனிதர் ஒருவர் உண்டு. அனுமதிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பொருளைக் கண்டுபிடித்தவர் அவரல்ல, செய்தவரும் அவரல்ல. ஆனால் அதை யாருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நீங்களும் பார்த்திருப்பீர்களே?

ஓடைப்பட்டி கஸ்தூரியம்மாள் 1978ஆம் வருஷம் பார்த்தாள். வீட்டில் ஐந்து மாடு. கண்ணில் இருபது வருஷத்து விறகுப் புகை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அடுப்பு ஊதினால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாணத்தைத் தொட்டியில் கரைத்து விட்டால் வாயு வரும், புகையில்லாமல் அடுப்பு எரியும் என்று ரேடியோவில் கேட்ட மறுநாளே பஸ் ஏறினாள்.

யூனியன் ஆபீஸில் சாண எரிவாயுப் பிரிவில் அதிகாரி ஞானசிகாமணி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் மாதிரி அடுப்பு ஒன்று, நாலு வருஷமாக ஒரு தடவைகூட எரியாமல் பளபளத்தது.

"தரக் கூடாதுன்னு எனக்கென்னம்மா ஆசையா? ரூல் இருக்கே!" என்று ஆரம்பித்தார். சிமெண்டு பெர்மிட் வேண்டுமென்றால், தொட்டி மேல் கவிழ்த்து வாயு பிடிக்கும் இரும்பு டிரம் ஒதுக்கீடு ஆகியிருக்க வேண்டும். டிரம் ஒதுக்க வேண்டுமென்றால் தொட்டி கட்டி முடித்திருக்க வேண்டும். தொட்டி கட்டவோ சிமெண்டு வேண்டும். இதற்கிடையில், ஐந்து மாடும் நாள்தோறும் சாணம் போடுகின்றன என்று கால்நடை டாக்டரிடம் சான்று வேறு வாங்கி வர வேண்டும்.

"மாடு சாணி போடுறதுக்குமா சார் எழுதி வாங்கணும்?"

"மாடு போடும், நீங்க பாத்தீக. கவர்மெண்டு பாத்துச்சா?"

எட்டு மாதம் நடந்தாள். ஒருவழியாகப் பெர்மிட் தபாலில் வந்தது. அதன் கெடு, வருவதற்கு மூன்று நாள் முன்பே முடிந்திருந்தது. கஸ்தூரியம்மாள் அதை மடித்து வைத்துவிட்டு, நேரே கம்பம் டவுனுக்குப் போய் வெல்டிங் பால்பாண்டி முன்னால் நின்றாள்.

"பழைய தார் டிரம்ம வெட்டி ஒட்டித் தருவியா?"

"செஞ்சிரலாம் ஆத்தா. பெர்மிட்டு இருக்கா?"

"கண்ணு போனா அதுக்கு யாரு பெர்மிட்டு தருவா?"

பால்பாண்டி டிரம்மை உருட்டி வந்து வெட்ட ஆரம்பித்தான். சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக் காரையில் தொட்டி எழும்பியது, சாணம் கரைந்தது, ஒரு மாதம் கழித்து அடுப்பில் நீலமாக எரிந்தது. சமைக்க ஒன்றுமில்லாதபோதும் அவள் வெந்நீர் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சேதி எட்டியதும் ஜீப்பில் வந்து இறங்கினார் ஞானசிகாமணி. டிரம்மைத் தட்டினார், முகர்ந்தார். "இது அனுமதியில்லாத வாயு. பிரிச்சிரணும்."

கஸ்தூரியம்மாள் அடுப்பிலிருந்து காப்பியை இறக்கி, டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"மொதல்ல காப்பியக் குடிங்க சார், ஆறிரும்."

அனுமதியில்லாத வாயுவில் கொதித்த காப்பியை அவர் ரசித்துக் குடித்தார். பாதி டம்ளரில் ஒரு நினைப்பு வந்தது. அது மார்ச் மாதக் கடைசி, வருஷக் கணக்கு காட்டும் நேரம். அவர் அந்த வருஷம் பன்னிரண்டு அடுப்பு எரிய வைத்திருக்க வேண்டும். எரிந்தது ஒன்றுகூட இல்லை. குரல் குழைந்தது.

"என் மேற்பார்வையில கட்டுனதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பிரிக்க வேணாம்."

"போடுறேன் சார். இந்தத் தெருவுல இன்னும் ஆறு வீட்டுக்காரவுக கேக்காக. அவுகளுக்குச் சிமெண்டு பெர்மிட்ட இங்கனயே எழுதிக் குடுங்க."

சட்டம் எப்படிப் பறந்தது என்கிறீர்கள்! பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, ஜீப்பின் மூக்கு மேலேயே வைத்து ஆறு பெர்மிட்டிலும் முத்திரை குத்தினார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு மறைந்தார்.

புழுதி அடங்கும் முன் பக்கத்து வீட்டு அய்யம்மாள் ஓடி வந்தாள். "எனக்கு ஒண்ணு குடு கஸ்தூரி."

கஸ்தூரியம்மாள் ஆறு தாளையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு முறை தொண்டையைச் செருமினாள்.

"ஒனக்கு மாடு எத்தனை?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் தாளை நீட்டினாள்.

சிரிக்காதீர்கள். போன வாரம் மின்சாரம் போனபோது எதிர்வீட்டார் உங்களிடம் டார்ச் லைட் கேட்டார்களே, கொடுப்பதற்கு முன் நீங்கள் என்ன கேட்டீர்கள்?