இடக்கைக்காரி செய்த வலக்கை பாஸ் கிட்டார்

கோதன்பர்க், அக்டோபர் 9

மதிப்பிற்குரிய ஸ்டூரே மாமா அவர்களுக்கு,

கடிதம் எழுதி உங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்கவும். தொலைபேசி என்றால் நாம் இருவரும் மாறிமாறி 'ம்' சொல்லியே வைத்துவிடுவோம். நான் நலம். நீங்களும் அத்தையும் நலமென்று நம்புகிறேன்.

மர ஆலையிலிருந்து பஸ்ஸில் நீங்கள் ஏற்றி அனுப்பிய ஆல்டர் மரப் பலகை பாஸ் கிட்டாராகிவிட்டது. வேலைக்கு வந்த பதினாலு மாதத்தில் அலுவலகத்தில் என்னிடம் யாரும் பேசிய மிக நீளமான வாக்கியம் "காபி ஃபில்டர் தீந்துபோச்சு" என்பதுதான். அப்போதுதான் எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் ஒரு சீட்டு: குடியிருப்போர் இசைக்குழுவுக்கு பாஸ் வாசிக்க ஆள் தேவை, வாத்தியம் சொந்தமாக இருக்க வேண்டும். பெயரை எழுதிய பிறகுதான் பள்ளியில் நான் வாசித்தது இரவல் கிட்டார் என்பது நினைவுக்கு வந்தது. கடையில் இருந்தவை என் குட்டை விரல்களுக்கு நீளம், இடக்கைக்காரிக்கு ஒன்றுகூட இல்லை. சரி, நாமே செய்வோம் என்று வரைபடம் போட்டு, இடக்கைக்காகக் காகிதத்தை ஒருமுறை திருப்பினேன். பலகையில் ஒட்டும்போது, திருப்ப மறந்துவிட்டேனோ என்று பயந்து இன்னொரு முறை திருப்பினேன். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி, மாமா! அறுத்து முடித்துப் பார்த்தால் சுத்தமான வலக்கை கிட்டார். பலகையை வீணாக்க மனம் வராமல் கம்பிகளை மட்டும் தலைகீழ் வரிசையில் கட்டினேன். தோள்வார் மாட்டும் கொம்பு போன்ற முனை தப்பான பக்கம் போய்விட்டதால், கையை எடுத்ததும் கிட்டாரின் கழுத்து தரையை வணங்கியது. பின்பக்கம் குழி தோண்டி மீன்பிடி ஈயக்குண்டுகளை வைத்தேன். இப்போது அது வணங்குவதில்லை, நான்தான் குனிகிறேன். கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தத்துக்குச் செம்புக்கம்பியும் நானே சுற்றினேன், ஏழாயிரம் சுற்று. வாய்விட்டு எண்ணியதில் வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருந்தது.

வார்னிஷ் காய, சலவை அறையை ஒட்டிய துணி உலர்த்தும் அறையைப் பதிவு செய்தேன். என் நேரம் ஐந்து மணியோடு முடிகிறது, வார்னிஷுக்கு அது தெரியாது. ஐந்து மணி ஏழு நிமிடத்துக்குப் போனால் கதவில் சீட்டு: "கிட்டார் துணி அல்ல." கீழே "மன்னிக்கவும், இன்னும் ஒட்டுகிறது" என்று எழுதினேன். மறுநாள் அதே சீட்டில், "எத்தனை பூச்சு?" "எட்டு." "பைத்தியம்." இந்த ஊரில் எனக்கு வந்த கடிதங்கள் இவைதான், பத்திரமாக வைத்திருக்கிறேன். நாலாம் நாள் எழுதியவரே நின்றிருந்தார்: மூன்றாம் மாடி குன்வோர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்.

"ஏம்மா, அந்த வார்னிஷ் நீதானா? என் படுக்கை விரிப்பெல்லாம் படகு நாத்தம் அடிக்குது!"

"மன்னிச்சுக்கோங்க."

"அது கெடக்கட்டும். வாசிப்பியா, இல்ல காயப்போட்டுக்கிட்டே இருப்பியா? ட்ரம்ஸ் நான்தான். ஞாயித்துக்கிழம நாலு மணி, சைக்கிள் நிறுத்துற நிலவறைக்கு வந்துரு. அக்கார்டியன்காரன் என் பேச்ச கேக்கமாட்டேங்குறான்."

அன்றிலிருந்து மூன்று ஞாயிறாகப் போய்வருகிறேன். பாட்டெல்லாம் மனப்பாடம். அக்கார்டியன்காரர் முந்துகிறார், குன்வோர் திட்டுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆகவே நான் தனியாக இருக்கிறேன் என்று அம்மா கவலைப்பட வேண்டியதில்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முதுகுவலி குறையட்டும். நாய்க்குக் காதோரம் என் சார்பில் ஒருமுறை சொறிந்துவிடுங்கள்.

தங்கள் மருமகள்,
ஹில்லெவி

பி.கு.: போய்வருகிறேன் என்றது நிலவறைக் கதவு வரைக்கும்தான். வெளியே நின்று அவர்களோடு சேர்ந்து வாசிக்கிறேன். ஒலிபெருக்கி இல்லாததால் கொசு முனகும் அளவுக்குத்தான் சத்தம். உள்ளே நாற்காலி நகர்ந்தால் மாடிக்கு ஓடிவிடுகிறேன். இந்த ஞாயிறும் பாஸ் வராவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்களாம். உங்கள் ஊரிலிருந்து இங்கே ரயிலில் ஒன்பது மணி நேரம் என்று தெரியும், மாமா. நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம், உள்ளேகூட வர வேண்டாம். நாலு மணிக்கு அந்தக் கதவை மட்டும் எனக்காகத் தட்டுங்கள். திறக்கும் சத்தம் கேட்டதும் நீங்கள் ஓடிவிடலாம்.