எப்போ எடுக்கறீங்க?

"வண்டியை எப்போப்பா எடுப்பே?"

கேட்டவர் விதி சார். கேட்கப்பட்டவன் தெருக்கோடி வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஓட்டுநர். இருவருக்கும் நடுவில், விதி சார் வீட்டு மதிலை ஒட்டிய மர நிழலில், வண்டி நின்றுகொண்டிருந்தது. வெள்ளை நிறம். பக்கவாட்டில் பெரிய கண்ணாடி. நெற்றியில் கொட்டை எழுத்தில் 'அமரர் ஊர்தி'.

"சொன்னதும் எடுத்துடறேன் சார்."

"அதான் நான் சொல்றேனே!"

ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தொழில் அப்படி. "வீட்ல சொல்லணும் சார். சொல்லாம எடுக்க முடியாது" என்றான்.

விதி சார் உள்ளே வந்து மனைவியிடம் பொருமினார். "அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டறான். பொண்டாட்டி சொல்லாம கியரைத் தொட மாட்டானாம்! இப்படியும் ஒரு ஆம்பளை!"

"நல்ல பிள்ளையா இருக்கானே" என்றாள் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும் 'விதிப்படி' என்ற சொல் இல்லாமல் அவர் ஒரு வாக்கியமும் முடித்ததில்லை என்பதால் விதி சார் ஆனார். ஓய்வு பெற்ற அன்று அலுவலகமே கண்ணீர் விட்டது. எதற்காக என்பதில்தான் இன்றுவரை இரண்டு கருத்து இருக்கிறது.

அந்த மர நிழலுக்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் அங்கே நின்றது அவருடைய தம்பியின் லோடு வண்டி. தம்பி அப்போது பக்கத்து வீட்டில் குடியிருந்தான். குடியிருப்புத் தெருவில் தொழில் வண்டி நிற்கக் கூடாது என்று விதி இருப்பதை ஒருநாள் விதி சார் கண்டுபிடித்தார். சொல்லிப் பார்த்தார். "அண்ணன் வாசல்ல நிறுத்தாம வேற யார் வாசல்ல நிறுத்தறது?" என்றான் தம்பி. அண்ணன் விதிப்படி புகார் கொடுத்தார். தம்பி வண்டியோடு வீட்டையும் காலி செய்துகொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டான். பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

அன்றிலிருந்து அந்த இடம் காலி. அது தன் வெற்றி என்று விதி சார் சொல்லிக்கொள்வார். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்ததும் அவர் கண் முதலில் போவது அந்தக் காலி இடத்துக்குத்தான் என்பதை மனைவி மட்டும் கவனித்திருந்தாள்.

போன மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "யாருக்கும் சொல்லக் கூடாது, முக்கியமா அவனுக்கு" என்று கட்டளை போட்டார். போட்டுவிட்டு, அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"யாரையாவது எதிர்பார்க்கறீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நர்ஸை."

நர்ஸ் பக்கத்திலேயே நின்று அவர் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்படித் திரும்பி வந்த மனிதர் வாசலில்தான் இப்போது அமரர் ஊர்தி நிற்கிறது.

மறுநாள் காலை விதி சார் ஓட்டுநரிடம் ஒரு சமரசத்துக்கு வந்தார். "எடுக்க வேண்டாம். அந்த எழுத்து என் வாசலைப் பார்க்காதபடி திருப்பியாவது நிறுத்து."

"அது செய்யலாம் சார்" என்று அவன் மரியாதையாகத் திருப்பி நிறுத்தினான். முகம் அந்தப் பக்கம் போனது. பின்கதவு இந்தப் பக்கம் வந்து, விதி சார் வீட்டு கேட்டுக்கு நேராக, ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல் நின்றது.

நடைப்பயிற்சிக்குப் போன ஒருவர் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். கேட்டருகே நின்ற விதி சாரிடம் வந்து அடங்கிய குரலில் கேட்டார்:

"எப்போ சார் எடுக்கறாங்க?"

"அதைத்தான் சார் ரெண்டு நாளா நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்!"

"ரெண்டு நாளாவா! வெளியூர்லேருந்து யாராவது வரணுமோ?"

"வீட்ல சொல்லணுமாம்."

"பாவம், இன்னும் வீட்டுக்கே சொல்லலையா!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போகிற வழியில் இருந்த வீடுகளில் எல்லாம் விஷயம் தெரிந்தது.

விதி சாருக்கு வியர்த்தது. "மூடித் தொலைங்கப்பா அதை!" என்று கத்தினார். "உறை இல்லை சார்" என்றான் ஓட்டுநர். உள்ளேயிருந்து மனைவி ஒரு பெரிய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் பூப்போட்டது, கோடு போட்டது, யானை போட்டது எல்லாம் இருந்தன. அவள் கைக்கு அகப்பட்டது தூய வெள்ளை.

வெள்ளைத் துணி போர்த்திய அமரர் ஊர்தி எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டில் வானொலியை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல் விதி சார் நகராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசினார்.

"அமரர் ஊர்தி விஷயமா பேசணும்."

"சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல், உடனே கனிந்துபோய். "எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னார்.

"எப்போ எடுக்கணும் சார்?"

"இப்பவே எடுக்கணும்! இதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வாசல்ல வெச்சுக்க முடியாது."

"புரியுது சார். மனசைத் தேத்திக்கங்க. யார் பேர்ல பதியணும்?"

"என் பேர்லதான்!" என்று முழுப் பெயரையும் முன்னெழுத்தோடு சொன்னார். புகார் கொடுப்பவர் பெயரை மறைக்கக் கூடாது என்பது விதி.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் இன்னொரு அமரர் ஊர்தி திரும்பியது. முதல் வண்டிக்குப் பின்னால் வந்து அடக்கமாக நின்றது. இறங்கியவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்து, விதி சாரின் பெயரை முன்னெழுத்தோடு படித்து, "எங்கே இருக்கார்?" என்று விதி சாரிடமே கேட்டார்.

"நான்தான்யா அது!"

வந்தவர் சீட்டைப் பார்த்தார். விதி சாரைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டீங்களே சார்" என்றார். அலுவலகத்தில் கேட்காமல் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போக முடியாதாம். அங்கேயும் ஒரு விதி.

விதி சாருக்குத் தலை சுற்றியது. கூடத்துச் சாய்வு நாற்காலியில் போய் விழுந்தார். மேல்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். "என்னை யாரும் எழுப்பாதீங்க. எவன் வந்தாலும் சரி, நான் பேசறதா இல்லை."

மனைவி சரி என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தாள். அவள் பேசுவது துண்டு வழியே அவருக்குக் கேட்டது.

"காலையிலேருந்து வாசல்லயேதான் நிக்குது... இல்லை, இன்னும் எடுக்கலை... அவரா? கூடத்துலதான். துண்டை முகத்துல போட்டிருக்கு... ஆமா, போன மாசமே நெஞ்சுவலி. சொல்லக் கூடாதுன்னுட்டாரே, நான் என்ன பண்ணட்டும்... இனிமே அவரு எங்கே பேசப்போறார்..."

நமக்காக இவளாவது நாலு பேரிடம் புலம்புகிறாளே என்று விதி சாருக்கு லேசாக ஆறுதலாக இருந்தது.

வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. பழைய அலுவலகத்து நண்பர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். "விதி யாரை விட்டது!" என்று அவர் சொன்னது எந்த விதியை என்று கூட்டத்தில் யாருக்கும் விளங்கவில்லை. "கெடுபிடியான ஆளு" என்றது ஒரு குரல். "ஆனா லஞ்சம் வாங்க மாட்டார்" என்றது இன்னொன்று. "கொடுத்தாதானே வாங்குறதுக்கு!" என்றது மூன்றாவது. துண்டுக்குள் விதி சார் பல்லைக் கடித்தார். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று கைப்பிடியை ஊன்றியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

லோடு வண்டிச் சத்தம். சைலென்ஸரில் ஓட்டை விழுந்து, இருமிக்கொண்டே வருகிற சத்தம். எத்தனையோ காலம் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்த சத்தம். புகார் மனுவில் அவரே 'சகிக்க முடியாத ஓசை' என்று எழுதிய சத்தம். விதி சாரின் கை கைப்பிடியிலிருந்து நழுவியது.

வண்டி நின்றது. கதவு சாத்தப்படவில்லை. செருப்பு ஒன்று வாசலில் விழுந்தது. இன்னொன்று கூடத்துக்குள் வந்து விழுந்தது.

"அண்ணே!"

தம்பி காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கிரீஸ் வாசனை. அந்தக் காலத்து வாசனை.

"நெஞ்சுவலின்னு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே! ஒரு வண்டி... ஒரு பாழாப்போன வண்டி நிறுத்துறதுக்காக நம்ம ரெண்டு பேரும்... உன் தெருமுனை வரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கேன் தெரியுமா? உள்ளே திரும்பினா, நீ ஜன்னல்லேருந்து விதிப்படி தப்புன்னு சொல்லிடுவியோன்னு, அப்படியே ரிவர்ஸ் எடுத்துட்டுப் போயிடுவேன் அண்ணே! இப்போ நான் யார் வாசல்ல போய் நிறுத்துவேன்?"

விதி சார் அசையவில்லை. கண்ணைத் திறந்தால் பேச வேண்டிவரும். பேச வேண்டிவந்தால் என்ன பேசுவது? அதற்கு எந்த விதியும் அவருக்குத் தெரியவில்லை. அதோடு, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலவும் இருந்தது. முகத்தில் கிடந்த துண்டு இரண்டு இடத்தில் நனைந்தது.

அப்போது தெருவில் ஹாரன் சத்தம் எழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரே கூச்சல்.

விதி சாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வண்டியை ரோட்டுக்கு நடுவுல நிறுத்திட்டு வந்திருக்கியா?"

மலர்வளையம் கீழே விழுந்தது. மலர்வளையத்தின் மேல் நண்பர் விழுந்தார்.

"போய் ஓரமா நிறுத்துடா!" என்று எழுந்து உட்கார்ந்தார் விதி சார். கண் சிவந்திருந்தது. "நம்ம... நம்ம மரத்தடியில நிறுத்து."

தம்பி முதலில் அலறினான். பிறகு சிரித்தான். பிறகு அண்ணனை அடிக்கவே கை ஓங்கி, அந்தக் கையாலேயே கட்டிக்கொண்டான். "உயிரோட இருந்துக்கிட்டு ஏண்டா பேசாம கிடந்தே!" என்று முதல்முறையாக அண்ணனை 'டா' போட்டான். அதை விதி சார் கண்டுகொள்ளவில்லை.

கூட்டம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கலைந்தது. இரண்டாவது வண்டிக்காரர் ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டு, அலுவலகத்தில் சொல்லி, காலி வண்டியோடு போனார். அடுப்படியில் மனைவி இன்னொரு படி அரிசியை ஊறப்போட்டாள். கூடத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மனம் நிறைந்திருந்த நேரம். விதி சாருக்கு ஓட்டுநர் நினைவு வந்தது. பாவம், அவன் வண்டியால்தானே இத்தனையும். அவனை இனி விரட்டுவது நியாயமில்லை. வெளியே வந்தார். அவன் வண்டி மேலிருந்த விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் பெருந்தன்மையோடு. "தம்பி வண்டி முன்னால நிக்கட்டும், உன்னுது பின்னால நிக்கட்டும். உன் வீட்ல எப்போ சொல்றாங்களோ அப்போ எடு. அவசரமில்லை."

"சொல்லிட்டாங்க சார், இப்போதான். எடுத்துடறேன்."

"சொல்லிட்டாங்களா? எங்கே?" விதி சார் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். "உன் சம்சாரத்தை இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லையேப்பா!"

ஓட்டுநர் மடித்த வெள்ளை விரிப்பை இரண்டு கைகளாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினான்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார். நான் சொன்னது உங்க வீட்ல."