துரையின் கால் நகம்: மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் முழங்காலும், யாரும் அதைப் பற்றி விசாரிக்காத வரையில், நலம். அங்கே நீங்களும் என் மகளும் வேளைக்குச் சாப்பிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் மகள் முதலில் படித்துவிட்டுச் சிரிப்பாள். ஆகவே தபால்.

சென்ற வாரம் வீடியோவில், என்னிடம் விட்டுப்போன உங்கள் நாய் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்களால முடியலன்னா பரவால்ல. சனிக்கிழமை நாய் விடுதியிலேர்ந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க, நாங்க திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்" என்றீர்கள். நான் மறுக்கவில்லை. நாய் உங்களுடையது. இன்று சனிக்கிழமை, பெட்டியும் கட்டியாகிவிட்டது: தட்டு, கழுத்துப்பட்டை, போர்வை, தலை பிய்ந்த ரப்பர் வாத்து. ஆள் மதியம் வருவார், வாசலிலேயே ஒப்படைத்துவிடுவேன். நான் குறுக்கே நிற்கிறவள் அல்ல. ஆனால் "முடியலன்னா" என்று ஒரு சொல் சொன்னீர்களே, அதற்குப் பதில் எழுதாமல் நாயை அனுப்ப எனக்கு மனமில்லை.

முதலில் பெயர். ராக்கெட் என்று வைத்திருக்கிறீர்கள். தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் போகிறவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். அதனால் வந்த மறுநாளே துரை என்று மாற்றிவிட்டேன். நிமிர்ந்த நடை, ஒரு வேலையும் செய்யாமல் நேரத்துக்குச் சாப்பாடு, பிறர் நாற்காலியில் உட்காருவது, எல்லாம் பொருந்துகிறது. அவனும் ஏற்றுக்கொண்டான்.

இனி நகம். வந்த வாரமே கூரியர்காரரைத் துரத்திக்கொண்டு ஓடியதில் முன்னங்கால் நகம் ஒன்று வாசல் மிதியடியில் மாட்டி, வெங்காயச் சருகு மாதிரி நீளவாக்கில் பிளந்துவிட்டது. அடுத்தது தோட்டத்தில் எலி வளையைத் தோண்டும்போது. அதற்கடுத்தது சோபாவிலிருந்து குதிக்கும்போது, அதாவது ஏறக் கூடாத சோபாவிலிருந்து. அந்த நாய்க்கு நடக்கத் தெரியாது, மாப்பிள்ளை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்கே ஓட்டப் பந்தயம்தான். உங்கள் வீட்டில் சுவருக்குச் சுவர் கம்பளம். கம்பளத்தில் வளர்ந்த நகம் சிமெண்டுத் தரையைப் பார்த்ததும் என்ன செய்யும்? உடையும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

வாடகை வண்டி வைத்துக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயது, வாயை மூடி முகமூடி, அதற்குள்ளேயே பேச்சு. பூஞ்சை இல்லை, புண் இல்லை, நகம் காய்ந்து நொறுங்குகிறது, நீளமாக விட்டால் மாட்டிக்கொண்டு உடையும், வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும் என்றார். அதுவரை சரி. பிறகு, "ஆனா கண்ணப் பாத்து வெட்டணும்மா. உங்களுக்குக் கஷ்டம்தான், கண்ணு தெரியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "டாக்டர், எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறத்தில் தைத்திருப்பதுகூடத் தெரிகிறது" என்றேன். அவர் பொத்தானைக் குனிந்து பார்த்தார். நான் நாயோடு எழுந்து வந்துவிட்டேன்.

கண்ணைப் பார்த்து ஒரு காரியம் செய்வது எனக்குப் புதிதல்ல. எங்கள் கான்வென்ட்டில் தலைமை சிஸ்டர் முன்னால் தரையைப் பார்த்துப் பேசினால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். ஆகவே துரையை முக்காலிமேல் உட்காரவைத்து, அவன் பாதத்தை இடது கையில் பிடித்து, வலது கையில் நகவெட்டியை எடுத்து, அவன் கண்ணை நேராகப் பார்த்தேன். அவனும் பார்த்தான். நல்ல பழுப்புக் கண்கள், மாப்பிள்ளை. இத்தனை நாள் கவனித்ததில்லை. கண்ணை எடுக்காமல் வெட்டினேன். அவன் போட்ட சத்தத்தில் நான் வெட்டியைப் போட, அவன் முக்காலியைத் தள்ள, கூடம், நடை, நான் புதிதாக உறை போட்ட மெத்தை நாற்காலிகள், எல்லாவற்றிலும் சிவப்புப் பாதம் பதிந்துவிட்டது. யார் பார்த்தாலும் ஒரு கொலை நடந்து, பிணம் நாலு காலில் தப்பித்துப் போனதாகத்தான் நினைப்பார்கள்.

மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் அப்படித்தான் நினைத்து ஓடி வந்தார். கார்ன்ஃப்ளவரை நகத்தில் வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தியதும் அவர்தான். "என்ன ஆன்ட்டி, பாத்து வெட்டக் கூடாதா?"

"பார்த்துத்தானே வெட்டினேன்."

"எங்க பாத்தீங்க?"

"கண்ணைத்தான். டாக்டர் சொன்னபடி."

அவர் துரையின் முகத்தைப் பார்த்தார், பிறகு பாதத்தைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "ஆன்ட்டி, அவர் சொன்னது நகக்கண்ண. நகத்துக்குள்ள இருக்கிற சதை. வெள்ளை நகம்னா வெளிய ரோஸா தெரியும். இது கறுப்பு நகம், அதான் கண்ணு தெரியாதுன்னிருக்காரு."

"அப்படியென்றால் அப்படிச் சொல்ல வேண்டும்" என்றேன். தமிழில் ஒரு பெயருக்கு ஒரு உறுப்பு போதாதா? தேங்காய்க்குக் கண், ஊசிக்குக் கண் இல்லை, காது, இப்போது நகத்துக்கும் கண். இதில் என் தவறு ஒன்றுமில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.

"நீங்களே வெட்டிவிடுங்களேன், ஆயுதமெல்லாம் வைத்திருக்கிறீர்களே" என்று கேட்டதற்கு, "என் கைய அவன் கடிச்சா ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு ஆடும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார்.

வெட்டுவதை விட்டேன். தேய்ப்பதை எடுத்தேன். நீங்கள் அனுப்பிய தேய்க்கும் இயந்திரம் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். முதலில் அதை அணைத்தபடி பக்கத்தில் வைத்துக்கொண்டு அவித்த முட்டை கொடுத்தேன், பிறகு ஓடவிட்டு முட்டை, பிறகு ஒரு நகத்தைத் தொட்டு முட்டை. இப்போது இயந்திரத்தை எடுத்தால் அவனே பாதத்தை நீட்டுகிறான். தேய்த்த இடம் வெளுத்து, நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுவேன். அதுதான் கண்ணுக்கு முந்தின எல்லை. ஓரங்களை எங்கள் தையல் சிஸ்டர் சொன்னபடி ஒரே திசையில் அரத்தால் வழவழவென்று முடித்துவிடுகிறேன். உங்கள் விடுதியில் இதைச் செய்வார்களா, கேட்டுப் பாருங்கள்.

தெருவுக்குப் போகக் கம்பளி நூலில் நாலு காலுறை பின்னினேன். முதல் நாளே மெழுகிய தரையில் சறுக்கிக் குடை வைக்கும் ஜாடிக்குள் தலையோடு போய்விட்டான். இரண்டாம் நாள் ஒன்றைத் தின்றுவிட்டான். அது திரும்பி வந்த விதத்தை மாப்பிள்ளைக்கு எழுதுவது முறையல்ல. துவைத்துவிட்டேன். துவைத்ததில் சுருங்கிவிட்டது. நீங்கள் வீடியோவில் பார்த்த நொண்டல் அந்தச் சுருங்கிய காலுறையால் வந்தது, நகத்தால் அல்ல. நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்.

மறுபடி பார்க்கப் போனபோது அதே சின்ன மருத்துவர் மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்துவிட்டு, "கால் கழுவுறீங்களாம்மா?" என்றார். "பின்னே? வெளியே போய்விட்டு உள்ளே வரும்போதெல்லாம். வெந்நீர், தரை துடைக்கும் திரவம், பிரஷ்" என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எத்தன தடவ போவான்?"

"அவன் போகாத நேரம் எது என்று கேளுங்கள்."

"அதாம்மா நகம் காயுது. ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு, நல்லாத் துடச்சா போதும். அந்தத் தண்ணிய நீங்க உங்க கைக்கு ஊத்துவீங்களா?"

கழுவுவதை நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒரு நகமும் உடையவில்லை என்பது உண்மை. ஆனாலும் என் முடிவு இதுதான்: கம்பளம் முக்கால் காரணம், கால் கழுவியது கால் காரணம்.

ஆகவே நல்ல நிலையில், பதினெட்டு நகங்களும் உருண்டையாக, உங்கள் நாயை ஒப்படைக்கிறேன். எனக்கு இதில் தனிப்பட்ட பற்று ஒன்றும் கிடையாது. எடுத்த வேலையைச் சரியாக முடிப்பது என் பழக்கம். மண் காலோடு என் படுக்கையறைக்குள் அவனை ஒருநாளும் விட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பும், நல்ல தூக்கமும், எதையும் விசாரித்துவிட்டுப் பேசும் பொறுமையும் வாய்க்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது விடுதி ஆள் வந்துவிட்டார். வாசலில் நின்று, "ராக்கெட், ராக்கெட், வாடா" என்று நாலைந்து முறை கூப்பிட்டார். துரை என் கட்டிலில், நான் பூப்போட்டுத் தைத்த வெள்ளை விரிப்பின்மேல், மண் காலோடு தூங்கிக்கொண்டிருந்தான். காதைக்கூட அசைக்கவில்லை. "அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்ட்டில் படித்தவள் நான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ரப்பர் வாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.