மச்சான் இருமிய இருமல்

ஊருக்கெல்லாம் ஏசி மாட்டிக் குளிரவைக்கிற மெக்கானிக், தன் வீட்டு ஹாலில் வெந்துகொண்டிருந்தார். வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில். ‘ரெண்டு நாள்ல போயிடுவேன்’ என்று வந்த மச்சான், அவருடைய கட்டிலில் கால்மேல் கால் போட்டுப் படுத்து இரண்டு வாரமாகிறது.

அன்று மாலை அந்த மச்சான் இருமினான். மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. இன்றைக்குக் கட்டிலை மீட்டே தீருவது என்று, கருவிப் பையைக்கூட இறக்காமல் சமையலறைக்குள் நுழைந்தார்.

“ஒருத்தன் இருமினா என்னாகும் தெரியுமா? கண்ணுக்குத் தெரியாத துளியெல்லாம் காத்துல பறக்கும். பெரிசு கீழ விழுந்துடும். பொடிசு மணிக்கணக்கா மிதக்கும். சத்தமாப் பேசினாலே பறக்கும்!”

“அய்யய்யோ!” என்றாள் மனைவி.

“மூடின ரூம்ல ஏசி அதே காத்தைத்தான் சுத்திச் சுத்தி விடும். தொழில்காரன் சொல்றேன். உன் தம்பியை ஹாலுக்கு மாத்து.”

“நாம நடமாடுற எடத்துக்கா? நல்லாயிருக்கே! அவன் அங்கேயே தனியா இருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திடறேன்.”

“ஏசி ஓடுதேடி!”

“ஓடட்டும். பாவம், புழுங்குமில்ல?”

“ஜன்னலைத் திறந்து வச்சு ஏசியா? தெருவையா குளிரவைக்கிறே?”

“உசுரு பெரிசா, கரண்டு பெரிசா?”

தொழில் தர்மமே செத்துப்போனதாக மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அன்றும் ஹால்தான், பாய்தான்.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பும்போது புது யோசனையோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி இருமினார்.

“எனக்கும் ஒட்டிக்கிச்சு. இனிமே எனக்கென்ன பயம்? நானும் அந்த ரூம்லயே படுத்துக்கறேன்.”

மனைவி சட்டென்று பின்வாங்கினாள். உள்ளே போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துவந்து தூரத்திலிருந்தே வீசினாள்.

“மொட்டை மாடிக்குப் போங்க. காத்தோட்டம் அங்கதான் நல்லாயிருக்கும்.”

“ஏய், உன் தம்பிக்கு மட்டும் ரூமா?”

“சத்தமாப் பேசாதீங்க, துளி பறக்குது! அவனுக்குக் காலையிலேயே இருமல் நின்னுடுச்சு.”

“நின்னுடுச்சா? அப்போ ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே?”

“கிளம்பிட்டான். பையெல்லாம் கட்டி, செருப்புகூட மாட்டிட்டான். நீங்க இருமினது காதுல விழுந்துச்சா, மாமாவுக்குக் குணமாகிற வரைக்கும் அக்காவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு மறுபடியும் படுத்துட்டான்.”